மஅபரின் வடவாசல்: பழவேற்காட்டின் வரலாறும் வாழ்வும்

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வாழும் முஸ்லிம் ஆடவர்கள் பள்ளிவாசலுக்குச் செல்லும்போது உடுத்தும் கட்டம் போட்ட பருத்திக் கைலியைப் ‘பெலிகாட்’ என்றும் ‘பெலெகாட்’ என்றும் அழைக்கின்றனர். இலங்கை மக்கள் அவ்வகைத் துணியைப் ‘பளையகாட் சாரம்’ என்பர். நாள்தோறும் இறைவன் முன் தொழுகைக்கு நிற்கும் எண்ணற்றோரின் இடையில் விளங்கும் இச்சொல் ஓர் ஊரின் பெயரேயாகும். அவ்வூர், சென்னை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பொன்னேரியைக் கடந்து, ஏரியும் கடலும் கூடுமிடத்தில் அமைந்துள்ள பழவேற்காடு.

பழவேற்காட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் டச்சுக்காரரிலிருந்தே தொடங்குகின்றனர். கோட்டையும் கல்லறையும் கண்ணுக்குத் தெரிவதால் ‘டச்சுப் பட்டினம்’ என்ற அடைமொழியும் அதற்கு நிலைத்துவிட்டது. டச்சுக்காரர் 1610இல் வந்து 1825இல் முற்றிலும் அகன்றனர். அவர்கள் வந்தபோது கடல் கடந்த நாடுகள் நன்கறிந்த துறைமுகம் ஒன்று அங்கே முன்னரே இயங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் சென்ற பின்னரும் அவ்வூர் மக்கள் அங்கேயே வாழ்கின்றனர். அத்துறைமுகத்தை வளர்த்தவர்களுள் முஸ்லிம் வணிகரும் மாலுமிகளும் சிறப்பிடம் பெறுவர். அவர்தம் வரலாறு மங்கியது எங்ஙனம், அதனை மீட்டெடுக்க நம்மிடம் எஞ்சியுள்ள சான்றுகள் யாவை என்பதையே இங்கு நோக்குகிறோம்.

நீரும் நிலமும்

ஓர் ஊரின் குணத்தை அறிய அதன் நிலத்தை முதலில் அறிய வேண்டும். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது பழவேற்காடு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் உள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன; முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல்தீவே ஸ்ரீஹரிகோட்டா. இன்று விண்கலங்கள் ஏவப்படும் தீவு அதுவே. பழைய வேலமரக் காடு என்பதே பழவேற்காடு என்ற பெயரின் பொருள் என்பர்.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. கரை மணற்பாங்கானது, அலை கடுமையானது, வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் புயல் அச்சமும் உண்டு. பெரிய கப்பல்கள் கரையை நெருங்க இயலாமல் ஆழ்கடலில் நங்கூரமிட, சிறு படகுகளே சரக்கை ஏற்றி இறக்கின. இத்தகைய கரையில், சிறு கலங்களுக்கு ஒதுங்கிடம் தரும் ஏரியொன்று கடலை ஒட்டிக் கிடைத்தது பெரும் பேறாயிற்று. உள்நாட்டு நெசவூர்களிலிருந்து துணிகளைக் கரைக்குக் கொண்டுவரவும் அந்நீர்வழி உதவிற்று. கடலோர மணலில் விளைந்த சாயவேர் செந்நிறத்தைத் தந்தது. அவுரி நீலத்தைத் தந்தது. பருத்தி, சாயம், நெசவாளர், நீர்வழி ஆகிய நான்கும் ஓரிடத்தில் கூடியமையே பழவேற்காட்டின் வளத்துக்கு அடிப்படை எனலாம்.

மஅபரும் மரைக்காயரும்

இடைக்கால அரபு, பாரசீக நூலாசிரியர்கள் இக்கரையை ‘மஅபர்’ என வழங்கினர். ‘கடத்தல்’ எனப் பொருள்படும் ‘அபர’ என்னும் அரபு வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. கடந்து செல்லும் இடம், கடவு என்பது அதன் பொருள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கொல்லத்திலிருந்து ‘நிலாவர்’ எனப்படும் நெல்லூர் வரை மஅபரின் எல்லையை வகுத்துக் கூறுகிறார். அக்கணக்கின்படி பழவேற்காடு மஅபரின் வடகோடியில், அதன் வடவாசல் போல அமைந்துள்ளது. நம் வரலாற்று நூல்கள் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய தென்கரை ஊர்களையே விரிவாகப் பேசியுள்ளன. வடவாசல் பெரிதும் கவனம் பெறாமல் போயிற்று.

பழவேற்காட்டு முஸ்லிம்களின் தோற்றம் குறித்து அவர்களிடையே ஒரு மரபு வழங்குகிறது. புதிய கலீஃபா ஒருவருக்குப் பணிய மறுத்து அரபு நாட்டிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் கடல்வழியே இங்கு வந்து குடியேறின என்றும், அது 13ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்றும் கூறுவர். இம்மரபை வரலாற்று முறையில் உரசிப் பார்ப்பது நம் கடமை. ஹிஜ்ரி 656இல், அதாவது 1258இல், ஹுலாகு கானின் படை பக்தாதை வீழ்த்தி அங்கிருந்த அப்பாஸியக் கிலாஃபத்தை முடித்துவைத்தது. 1261 முதல் கெய்ரோவில் மம்லூக்கியரின் நிழலில் பெயரளவிலான கலீஃபாக்கள் அமர்ந்தனர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கடல்கடந்து ஓட வேண்டிய அளவுக்குப் பணிவைக் கட்டாயப்படுத்தும் வலிமை அக்கலீஃபாக்களிடம் இருந்ததாகக் கொள்வது கடினம். மேலும், ஹஜ்ஜாஜ் பின் யூஸுஃபின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறியவர்களின் வழிவந்தோர் என்று இந்தியக் கடற்கரை முஸ்லிம் சமூகங்கள் சில தம்மைக் கூறிக்கொள்கின்றன. ஹஜ்ஜாஜோ 714இல் இறந்தவர். ஆக, கொடுங்கோலுக்குப் பணியாமல் கடலேறினோம் என்னும் கருத்து பல ஊர்களில், பல காலங்களோடு இணைக்கப்பட்டுச் சொல்லப்படுவதைக் காண்கிறோம்.

இதனால் அம்மரபு பயனற்றது என்று தள்ளிவிட வேண்டுவதில்லை. அதைக் கொண்டு ஆண்டைக் கணிக்க இயலாது. அச்சமூகம் தன்னை எவ்வாறு எண்ணிக்கொண்டது என்பதை அறியலாம். அரபுக் கடலோடிகளின் வரவு, உள்ளூர் மக்களுடனான மணவுறவு, இஸ்லாத்தைத் தழுவிய தமிழ்க் குடிகள் ஆகிய மூன்றும் கலந்தே சோழமண்டல முஸ்லிம் சமூகம் உருவாயிற்று. மரைக்காயர் கப்பலையும் வணிகத்தையும் மேற்கொண்டனர். லெப்பையர் மார்க்கப் பணியும் கைத்தொழிலும் சிறு வணிகமும் செய்தனர். கடற்கரை மரைக்காயர் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவதும், தமிழகத்தின் உள்நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் ஹனஃபிகளாக இருப்பதும் குறிக்கத்தக்கது. எமன், மலபார், மலாய் உலகம் ஆகியவற்றின் மத்ஹபும் ஷாஃபிஈயே. கடல் எவரை எவரோடு இணைத்தது என்பதற்கு ஃபிக்ஹே ஒரு சான்றாக நிற்கிறது.

துணி சென்ற வழி

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழவேற்காடு விஜயநகரப் பேரரசின் தலையாய கீழைத் துறைமுகமாக விளங்கிற்று. அக்காலத்தில் இந்தியாவில் இருந்த போர்ச்சுக்கீசியர் துவார்த்தே பர்போசா இவ்வூரைப் பற்றி எழுதியுள்ளார். முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் நிறைந்த ஊர் என்றும், முஸ்லிம்களின் கப்பல்கள் மிகுதியாக வந்து செல்லும் துறை என்றும், இங்கு ஆகும் வண்ணத் துணிகளுக்கு மலாக்கா, பெகு, சுமத்திரா ஆகிய நாடுகளில் பெருமதிப்பு உண்டு என்றும் அவர் குறிக்கிறார். பெகு நாட்டு மாணிக்கங்கள் இங்கு வந்து இறங்கின. செம்பும் பாதரசமும் மக்காவிலிருந்து வந்த பட்டும் பன்னீரும் இவ்வூர்ச் சந்தையில் விலைபோயின. அதே காலத்தில் மலாக்காவில் இருந்த தோமே பிரெஸ் என்பாரும் சோழமண்டலத்திலிருந்து மலாக்காவுக்குத் துணியேற்றி வரும் ‘கிலிங்’ வணிகரைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

இவ்வணிகத்தின் உட்பொருளை விளங்கிக்கொள்வது அவசியம். கீழைத் தீவுகளின் கிராம்பையும் சாதிக்காயையும் வெறும் பொன் கொடுத்து வாங்க இயலவில்லை. தீவுவாசிகள் விரும்பியது சோழமண்டலத் துணி. எனவே நறுமணப் பொருளைப் பெற விழைந்த எவரும் முதலில் இக்கரைக்கு வந்து துணி வாங்க வேண்டியதாயிற்று. பழவேற்காட்டுத் தறியில் ஓடிய நூல், ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள பாந்தா தீவின் சாதிக்காய்க்கு விலையாகச் சென்றது. ஐரோப்பியர் இவ்வுண்மையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. முஸ்லிம், செட்டி வணிகர்கள் தலைமுறைகளாக நடத்திவந்த முறையைக் கண்டு, அதனுள் புகுந்தனர்.

துணியோடு சொல்லும் சென்றது. சொல்லோடு சமயமும் கல்வியும் சென்றன. மலாய் மொழியில் ‘கப்பல்’ என்பது இன்றும் ‘கப்பல்’ தான். சோழமண்டல முஸ்லிம்களைக் கீழைக் கடலில் ‘சூலியா’ என்று அழைத்தனர். பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதர் மொஹிதீன் பினாங்கில் 1801இல் நிறுவிய கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல், இக்கடல்வழி பிற்காலத்திலும் அறுபடவில்லை என்பதற்குச் சான்று.

சிலுவைக் கொடியும் அனுமதிச் சீட்டும்

1511இல் போர்ச்சுக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றியது பழவேற்காட்டுக்குப் பேரிடியாயிற்று. கடலில் செல்லும் கலங்கள் ‘கர்த்தாஸ்’ எனப்படும் அனுமதிச் சீட்டை விலைகொடுத்துப் பெற வேண்டும் என்றும், பெறாத கலங்கள் கொள்ளைக்குரியவை என்றும் அவர்கள் விதித்தனர். அனைவருக்கும் திறந்திருந்த கடல், கடலோடிகள் வரலாற்றில் அதுவரை காணாத வகையில், ஓர் அரசின் உடைமையாக அறிவிக்கப்பட்டது. முஸ்லிம் வணிகர் மனந்தளராமல் சுமத்திராவின் வடமுனையில் எழுந்த அச்சே சுல்தானகத்தை நோக்கித் தம் கலங்களைத் திருப்பினர்.

போர்ச்சுக்கீசிய வணிகர் சிலர் பழவேற்காட்டிலும் குடியேறினர். பின்னர் சாந்தோம் அவர்களின் பெருங்குடியிருப்பாயிற்று. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றதும் பழவேற்காட்டின் செல்வமிக்க வாடிக்கையாளரான தலைநகரே இல்லாமற் போயிற்று. வடக்கே கோல்கொண்டா சுல்தானகத்தின் மசூலிப்பட்டினம் தழைக்க, பழவேற்காடு தேயத் தொடங்கிற்று. ஆக, டச்சுக்காரர் கண்டது வளத்தின் உச்சியிலிருந்த ஊரை அன்று. இருமுறை அடிபட்டும் நெசவையும் கடலறிவையும் விடாது காத்திருந்த ஊரை.

கெல்டிரியாக் கோட்டை

1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கு வணிக நிலையம் அமைத்தது. 1612இல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர் அதனைத் தாக்கி அழித்தனர். அதன் விளைவாக 1613இல் எழுந்ததே கெல்டிரியாக் கோட்டை. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாநிலத்தின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1690 வரை சோழமண்டல டச்சு ஆட்சியின் தலைமையிடம் இதுவே. கோட்டைக்குள் நாணயம் அடித்தனர். வெடிமருந்து ஆலை நடத்தினர். பின்னர் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறிற்று. 1781இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தையும் பழவேற்காட்டையும் கைப்பற்றினர். பழவேற்காடு மட்டும் டச்சுக்காரரிடம் திரும்பி வந்து, 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் கைக்குச் சென்று, 1818இல் டச்சுக்காரரிடமே ஒப்படைக்கப்பட்டது. 1824இல் இலண்டனில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி 1825இல் நிலையாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

இந்தக் காலவரிசையைக் கற்போர், இக்கோட்டையின் சுவர்களுக்குள் நிகழ்ந்த இன்னொன்றையும் அறிதல் வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் இக்கரையை வாட்டியபோது, பசியால் தம்மையும் தம் மக்களையும் விற்க நேர்ந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, பழவேற்காடு முதலிய துறைகளிலிருந்து பத்தாவியாவுக்கும் பிற டச்சுக் குடியேற்றங்களுக்கும் கப்பலேற்றப்பட்டனர். அவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. விற்றவர்களுள்ளும் இடைநின்று தரகு பெற்றவர்களுள்ளும் இந்நாட்டவர் பலர் இருந்தனர் என்பதையும் நேர்மையான வரலாறு மறைக்கலாகாது. அடிமையை விடுவித்தலைப் பெரும் நற்செயலாகக் கருதும் மார்க்கத்தவர் நாம். கோட்டையைப் பற்றிப் பேசும்போது அம்மக்களை மறந்து பேசுவது நமக்குப் பொருந்தாது.

டச்சுக்காரர் போர்ச்சுக்கீசியரின் அனுமதிச் சீட்டு முறையைத் தாமும் பின்பற்றினர். 1641இல் மலாக்காவைத் தமதாக்கிக்கொண்ட பின், அச்சேவுக்கும் மலாய்க் கரையின் தகரத் துறைகளுக்கும் முஸ்லிம் கப்பல்கள் செல்வதைத் தடுக்க முனைந்தனர். 1640களில் மீர் ஜும்லாவின் தலைமையில் கோல்கொண்டாப் படை இப்பகுதியை வென்றது. ஆட்சியாளர் முஸ்லிமாயினும் உள்ளூர் முஸ்லிம் மாலுமிக்குத் தனிச்சலுகை ஏதும் கிட்டிவிடவில்லை. மீர் ஜும்லா தாமே பெருங்கப்பல் வணிகர். டச்சுக்காரரோடு சில வேளை பகைத்தும் சில வேளை இணங்கியும் தம் வணிகத்தை வளர்த்தார். அரசியலைச் சமயக் கண்ணாடி ஒன்றினாலேயே பார்ப்போருக்கு இக்காலத்து வரலாறு நல்ல பாடம்.

நெசவாளரின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. கம்பெனி வணிகர் வழியாக அவர்களுக்கு முன்பணம் வந்தது. முன்பணம் பெற்றவர் வேறெவருக்கும் துணி விற்க இயலவில்லை. அரிசி விலையேறிய ஆண்டுகளில் கடன் ஏற, தறியே பிணையாயிற்று. பழவேற்காட்டுத் துணியின் புகழ் பரவப் பரவ, அதை நெய்தவரின் உரிமை சுருங்கியது.

பெயர் மட்டும் பயணம் செய்தது

1639இல் ஆங்கிலேயர் சென்னைப்பட்டினத்தில் இடம்பெற்றுக் கோட்டை கட்டினர். ஒரு நூற்றாண்டுக்குள் வணிகரும் நெசவாளரும் சாயக்காரரும் அப்புதிய நகரை நோக்கிப் பெயர்ந்தனர். ஆயினும் பழவேற்காட்டின் பெயர் துணியில் ஒட்டிக்கொண்டது. கட்டமிட்ட கைக்குட்டைத் துணியை ஆங்கிலேயர் ‘புலிகாட்’ என்றே வழங்கினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ வட்டார நெசவாளர்கள் அத்துணியைப் போலவே நெய்து, அதே பெயரில் விற்றனர். ஊர் நலிந்த பின்னும் பெயர் உலகச் சந்தையில் வாழ்ந்தது.

கீழை நாடுகளுக்குச் சென்ற கைலியின் கதையும் இத்தகையதே. பிற்காலத்தில் அது குடியாத்தம் முதலிய உள்நாட்டு ஊர்களில் நெய்யப்பட்டது. தமிழ் முஸ்லிம் வணிகர் சென்னையிலிருந்து கப்பலேற்றினர். பழவேற்காட்டில் தறி ஓய்ந்தது. மலாய் முஸ்லிமோ தாம் உடுத்தும் துணியை இன்றும் அவ்வூரின் பெயராலேயே கேட்டு வாங்குகிறார்.

19ஆம் நூற்றாண்டில் பக்கிங்காம் கால்வாய் இவ்வேரியைச் சென்னையுடன் இணைத்தது. விறகும் கிளிஞ்சலும் மீனும் படகுகளில் நகருக்குச் சென்றன. உலகத்துக்குத் துணி அனுப்பிய ஊர், அண்டை மாநகரின் அடுப்புக்கு விறகு அனுப்பும் ஊராயிற்று. நகரங்கள் வளரும்போது அருகிலுள்ள பழம்பட்டினங்களுக்கு நேரும் கதி இதுவே.

இன்றைய பழவேற்காடு

இன்று அங்கு செல்வோர் காண்பவை யாவை? கோட்டை இருந்த இடம் முட்புதர் மண்டிய மேடு. சுற்றிலும் அகழியின் தடம். டச்சுக் கல்லறைத் தோட்டத்தை இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. அதன் நுழைவாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் மகிமை மாதா ஆலயமும் பழம்பெரும் பள்ளிவாசல்களும் அண்மையண்மையாக நிற்கின்றன.

சின்னப் பள்ளிவாசலில் ஒரு சூரிய கடிகாரம் உள்ளது. சூரியன் உச்சி சாய்ந்ததும் லுஹர். ஒரு பொருளின் நிழல், உச்சிவேளை நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவை எட்டியதும் ஷாஃபிஈகளுக்கு அஸர். இருமடங்கானதும் ஹனஃபிகளுக்கு அஸர். கடலில் விண்மீனைக் கொண்டு திசையறிந்த சமூகம், கரையில் நிழலைக் கொண்டு நேரமறிந்தது. வானியல் ஒரு காலத்தில் நம்மவரின் அன்றாடக் கல்வியாக இருந்தது என்பதை அச்சிறு கருவி உணர்த்துகிறது.

முஸ்லிம் பெண்கள் பனையோலையைச் சாயமேற்றிப் பெட்டிகளும் கூடைகளும் முடைகின்றனர். அவ்வோலைப் பின்னலில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வண்ணக் கட்டங்களைக் காணும்போது பழைய துணி நம் நினைவுக்கு வருகிறது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நாம் வாதிடவில்லை. கைத்திறனை மட்டுமே முதலாகக் கொண்டு குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் அவ்வூரில் இன்றும் உள்ளனர் என்பதையே சொல்கிறோம்.

ஏரியில் மீன்பிடிப்போரிடையே ‘பாடு’ என்னும் பழைய முறை உண்டு. எந்த ஊரார் எந்த நீர்ப்பரப்பில் எந்த நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பங்கிடும் ஏற்பாடு அது. அம்முறைக்குள் இடம்பெறாத எளிய மக்களும் ஏரியை நம்பியே வாழ்கின்றனர். கைகளால் துழாவி இறால் பிடிக்கும் இருளரும் அவர்களுள் அடங்குவர். முகத்துவாரம் அடிக்கடி மணலால் தூர்ந்து போவதால் கடல்நீர் வரத்து குறைந்து, மீன்வளம் சுருங்குகிறது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் எழுந்துள்ளன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் தம் கரையையும் ஏரியையும் பாதிக்கும் என்று மீனவர்கள் எதிர்க்குரல் எழுப்பியுள்ளனர். 1511இல் கேட்ட அதே வினா இன்றும் எழுகிறது: கடலும் ஏரியும் யாருடையவை? நீரைப் பொதுவுடைமையாகக் கருதும் ஷரீஅத்தின் நோக்கில் கற்றவர்கள் இவ்வினாவை ஆராய வேண்டும். அங்கு வலையிடும் பெரும்பாலோர் நம் சமயத்தவர் அல்லர் என்பதால் அது நம் வினா அல்ல என்று ஆகிவிடாது.

செய்ய வேண்டியது

பழவேற்காட்டின் டச்சு வரலாறு தெளிவாக இருப்பதற்குக் காரணம், டச்சுக்காரர் எழுதி வைத்தனர், எழுதியதைப் பாதுகாத்தனர். அவர்தம் கம்பெனியின் கடிதங்களும் கணக்குகளும் திஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம்மவரும் எழுதாதிருந்தவர் அல்லர். கடற்கரை முஸ்லிம்கள் கணக்கையும் கடிதத்தையும் பாமாலைகளையும் மார்க்கச் சட்டத்தையும் அரபுத்தமிழில் எழுதினர். வக்ஃப் பத்திரங்கள், நிக்காஹ் பதிவேடுகள், மீஸான் கற்கள் என்று சான்றுகள் கரையெங்கும் உண்டு. ஆனால் உப்புக்காற்று தாளை அரிக்கிறது. கரையான் ஓலையை அரிக்கிறது. இவ்விரண்டினும் கொடியது நம் அலட்சியம். கடற்கரை ஊர்கள் பலவற்றில் பழைய பள்ளிவாசல்களை இடித்துப் பெரிதாகக் கட்டும்போது கல்வெட்டு எங்கே போயிற்று, மரத்தூணில் இருந்த எழுத்து என்ன சொல்லிற்று என்று கேட்பார் இல்லை. தொழுவோர் பெருகும்போது பள்ளியை விரிவாக்குதல் கடமையே. இடிக்குமுன் ஒரு நிழற்படமேனும் எடுத்து வைப்பதற்கு மார்க்கத்தில் தடையேதுமில்லை.

சி. அரசரத்தினம், ஜெ. ராஜா முகமது போன்ற அறிஞர்கள் சோழமண்டல வணிகர் குறித்தும் முஸ்லிம்களின் கடல் வரலாறு குறித்தும் ஆய்ந்து வழிகாட்டியுள்ளனர். அவர்களைத் தொடர்ந்து செல்ல அரபும் தமிழும் ஒருங்கே கற்றவர்கள் தேவை. அரபுத்தமிழ் எழுத்தைப் படிப்பதற்குப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று மாணவரால் இயலாது. நம் அரபுக் கல்லூரி மாணவரால் ஒரு மாதத்தில் இயலும். ஒவ்வோர் அரபுக் கல்லூரியும் தன் அண்டையிலுள்ள ஒரு கடற்கரை ஊரை எடுத்துக்கொண்டு, அங்குள்ள மீஸான் கற்களைப் படியெடுத்து, ஜமாஅத்தின் பழைய ஏடுகளைப் பட்டியலிட்டு வைக்குமாயின், பத்தாண்டுகளில் மஅபரின் வரலாற்றை நம் சான்றுகளைக் கொண்டே எழுதிவிடலாம். வடவாசலாகிய பழவேற்காட்டிலிருந்து அதைத் தொடங்குவது சாலப் பொருந்தும்.

‘மஅபர்’ என்னும் சொல் பிறந்த அதே அரபு வேரிலிருந்தே ‘இப்ரத்’ என்னும் சொல்லும் பிறந்தது. படிப்பினை என்பது அதன் பொருள். நிகழ்ந்ததைக் கண்டு அதைக் கடந்து, அதன் உட்பொருளுக்குச் செல்வதே படிப்பினை என்று மொழிநூலார் விளக்குவர். முன்னோரின் கதியிலிருந்து படிப்பினை பெறுமாறு திருமறை சிந்தனையுடையோரைப் பன்முறை அழைக்கிறது. அவ்வழைப்பை ஏற்று, எஞ்சியுள்ள கல்லும் ஏடும் அழியுமுன் அவற்றைப் படித்துப் பதிந்து வைக்கும் ஆர்வத்தை நம் இளைய ஆலிம்களுக்கு வல்ல இறைவன் அருள்வானாக.